அண்ணனிடம் சொல்லாதது

கதிர்காமத்தம்பிக்கு இல்ஹாமைக் கண்ணில் காட்டக் கூடாது. இல்ஹாம் அவருக்கு ஒரு கெடுதலும் செய்தவன் அல்ல. ஏறாவூரிலிருந்து விடிய வெள்ளன சின்ன லொறியில் வருவான், தயிர் போட எருமைப் பாலைப் போத்தல் கணக்கில் அளந்து எடுப்பான், "அண்ணன், கால் நோவு எப்பிடி?" என்று கேட்பான், போய்விடுவான். அளவில் களவு இல்லை. கதிர்காமத்தம்பி பல நாள் பக்கத்தில் நின்று உற்றுப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததே அவருக்கு ஒரு சந்தேகமாகிவிட்டது. ஒரு மனிதன் இவ்வளவு ஒழுங்காக இருக்கிறான் என்றால் வேறு எங்கேயோ கை வைக்கிறான் என்றுதானே அர்த்தம்.

கை வைத்த இடம் பிறகுதான் தெரிந்தது. அது அவருடைய தம்பி.

வவுணதீவுப் பக்கம், வயல் வட்டை முடிந்து பற்றைக்காடு தொடங்குகிற இடத்தில் அண்ணனுக்கும் தம்பிக்கும் பொதுவாக ஒரு எருமைப் பட்டி இருந்தது. ஒருநாள் காலை கதிர்காமத்தம்பி தடியை ஊன்றிக்கொண்டு பட்டிக்கு வரும்போது தம்பி விஜிதரன் லொறிக்குப் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். சும்மா சிரிப்பு இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். நாற்பத்தாறு வயது ஆம்பிளை. அந்தச் சிரிப்பைக் கதிர்காமத்தம்பி கடைசியாகக் கேட்டது எப்போது என்று அவருக்கே நினைவில்லை.

"என்ன பகிடி?" என்றார்.

விஜி சிரிப்பைத் துடைத்து எடுத்துவிட்டுக் குனிந்தான். "ஒண்டுமில்ல அண்ணன்."

இல்ஹாம்தான் சொன்னான். "கறுப்பி நேத்து என்ட சாரனக் கடிச்சி இழுத்த கத அண்ணன். பால் விலை பத்தாதெண்டு கோவமாக்கும்."

"எருமைக்கு விளங்கினது மனிசருக்கு விளங்குதில்ல," என்றார் கதிர்காமத்தம்பி. இல்ஹாம் அதற்கும் சிரித்தான். விஜி சிரிக்கவில்லை. அண்ணன் வந்தால் அவன் வாய் தைத்த சாக்கு மாதிரி ஆகிவிடும்.

இது பொறுக்கக் கூடியதா? விஜிக்கும் அவருக்கும் இருபது வயது வித்தியாசம். தகப்பன் அவன் பிறக்க முன்னமே போய்விட்டார், தாய் அவன் நடக்கத் தொடங்கியதும் போனாள். பிட்டைக் குழைத்து ஊட்டியது ஆர்? கதிர்காமத்தம்பி. துவக்குச் சத்தம் கேட்ட நாட்களில் வாய்க்கால் பற்றைக்குள் அவனுடைய வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தது ஆர்? கதிர்காமத்தம்பி. ஊர் வழக்கப்படி கலியாணத்தோடு விஜி பெண் வீட்டுக்குப் போய்விட்டான். அதைப் பற்றி அவருக்கு ஒரு மனக்குறையும் வந்ததில்லை. எல்லா ஆம்பிளையும் போகிற வழிதான் அது. பெண்ணிடம் தம்பியைக் கொடுக்கலாம். பால்காரனிடம் கொடுப்பதா? அதுவும் அவனை இவன் நானா என்கிறான். பெற்ற தாய்க்குப் பிறகு தூக்கி வளர்த்தவனுக்கும் அண்ணன் என்ற ஒரு சொல்தான், தயிர் விற்கிறவனுக்கும் அதே உறவில் ஒரு சொல்லா?

விஜியைப் பிடித்திருந்தது சூது. முதலில் கடதாசி விளையாட்டு. மறுகா அந்தத் தொடுகிற போன் வந்தது. கடதாசிக்குக் கூட்டாளி தேட வேண்டும், போனுக்கு அதுவும் தேவையில்லை. எங்கேயோ ஒரு நாட்டில் ஆரோ பந்து போட, இவன் வயல் வரம்பில் குந்தியிருந்து காசைக் கொட்டினான். உழுகிற கைமெசின் போனது. பெண்சாதி சுலோஜனாவின் காதில் கழுத்தில் கிடந்தது போனது. ஒவ்வொரு முறையும் கடனைக் கட்டியது கதிர்காமத்தம்பி. நாகை என்கிற பெட்டைக் கன்று ஒன்றை விற்பார், கட்டுவார், கட்டிவிட்டு அடிப்பார், அடித்துவிட்டு அழுவார். விஜி காலில் விழுவான். அவனைத் தூக்கி நெஞ்சோடு அணைப்பார். அப்படி அவன் விழுவதும் தான் தூக்குவதும் அவருக்கு ஒரு பக்கத்தில் பிடித்திருந்தது. அதை அவர் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

பிரதேச செயலகத்திலிருந்து ஒரு பெண் பிள்ளை, உளவளத்துணை என்று சொல்லிக்கொண்டு வந்தாள். சம்பளத்துக்குக் கவலைப்படுகிற ஆட்களை அவர் நம்புவதில்லை. தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார்.

கடைசியில் பெரிய மருந்தாக ஒன்று செய்தார். போன வருஷம் வைகாசிச் சடங்கில், கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்த அன்று, தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார். வருஷத்தில் ஒரு தரம் திறக்கிற கதவு. அதற்கு முன்னால் சொன்ன சொல்லை ஆரும் மீறமாட்டார்கள். பூசை செய்கிற கப்புகனார் பார்த்து நிற்க, சத்தியத்துக்காக ஒரு கையால் எரிகிற கற்பூரத்தை அணைக்க வைத்தார். மறு கையைத் தன் தலையில் வைக்கச் சொன்னார். "இனித் தொட்டா என்ட அண்ணன்ட தலைக்குத்தான்," என்று விஜி சொன்னான். தன்னுடைய தலையைக் கொடுத்தால்தான் தம்பி பயப்படுவான் என்பது கதிர்காமத்தம்பியின் கணக்கு.

கணக்குச் சரிவந்தது என்றுதான் அவர் நம்பினார். ஐப்பசி மழையில் அவர் வரம்பில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்து படுத்துக் கிடந்தபோது, விஜிதான் தூக்கி இருத்தி எல்லாம் பார்த்தான். ஆனால் முகத்தை நிமிர்த்திப் பார்க்கமாட்டான். கார்த்திகையோடு அவன் விளையாட்டை விட்டுவிட்டான் என்று ஊர் கதைத்தது. கதைத்த ஊர் அம்மனைச் சொல்லவில்லை, கதிர்காமத்தம்பியின் தலையைச் சொல்லவில்லை. "ஏறாவூர் நானா ஒராள் அவனத் திருத்திப்போட்டார்," என்றுதான் கதைத்தது.

என்ன திருத்தம்? இல்ஹாமும் ஒரு காலத்தில் சூதாடிப் புடவைக் கடையைத் தொலைத்தவனாம். விஜி ஒருநாள் பால் காசை முன்கூட்டிக் கேட்டபோது, "காசு தரேலா, லொறியில ஏறு," என்று தன்னுடைய வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனானாம். அன்றிலிருந்து கிரிக்கெட் நடக்கிற நாளெல்லாம் விஜி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏறாவூருக்குப் போய்விடுவான். தொடுகிற போனை அந்த மனிதனிடமே கொடுத்துவிட்டு அமத்துகிற போன் ஒன்றை வைத்திருந்தான். கற்பூரம் அணைக்க வைத்தவன் ஒருவன், பேர் எடுக்கிறவன் இன்னொருவன்.

போதாக்குறைக்குச் சித்திரையில் ஒருநாள் சுலோஜனா அவரைக் கூப்பிட்டு அனுப்பினாள். தாய் வழியில் வந்த அவளுடைய வீட்டில் கதிர்காமத்தம்பி எப்போதும் கதிரை நுனியில்தான் இருப்பார்.

"அத்தான், கோவிக்காதீங்க," என்றாள் தம்பி பெண்சாதி. "இனிப் பால் காசு நானா என்ட கையில தரட்டும்."

இவ்வளவு காலமும் இல்ஹாம் காசை அவரிடம்தான் கொடுப்பான். அவர் எண்ணித் தம்பியின் பங்கைத் தம்பிக்குக் கொடுப்பார்.

"ஏன் புள்ள, என்ட கையில புழுவா இரிக்கி?"

"உங்கட கையில வந்தா அவர்ட கைக்குப் போகும். அவர்ட கையில நிண்டா அவருக்கு நித்திரை வருதில்லையாம்."

"அவன் சத்தியம் பண்ணினவன்."

சுலோஜனா அடுப்புப் பக்கம் பார்த்தாள்.

"இது ஆர்ட யோசனை? பால்காரன்ட யோசனையா?"

"இல்ல அத்தான். இவரேதான் நானாட்டக் கேட்டவர்."

அதுதான் கூடச் சுட்டது. இல்ஹாமின் யோசனை என்றால் இல்ஹாமை ஏசலாம். தம்பியே கேட்டான் என்றால் ஆரை ஏசுவது? கதிர்காமத்தம்பி தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பி வந்துவிட்டார்.

வீட்டில் அவருடைய மனிசி சீதேவிப்பிள்ளை இறால் உடைத்துக்கொண்டிருந்தாள். புருஷனின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"என்ன, உங்கட பால்காரன் இண்டைக்கு என்ன செய்தான்?"

"என்ட பால்காரன் இல்ல. உன்ட கொழுந்தன்ட பால்காரன்."

"நல்லா இரிக்கிற புள்ளய நல்லா இரிக்க விடுங்களன். வீட்ட சக்களத்தி வந்த மாதிரிப் புகையிறீங்க."

"நீ இறால உடை."

"உடைக்கிறன். நீங்க மண்டைய உடைச்சிக்காதீங்க."

அவர் மண்டையைத்தான் உடைத்துக்கொண்டிருந்தார். சத்தியத்தில் இருக்கிறவனுக்கு இன்னொருத்தன் காவல் எதுக்கு? காவல் இல்லாமலும் தம்பி நிற்பான் என்று காட்டிவிட்டால், பேர் அம்மனுக்கும் தனக்கும் வந்துசேரும். வாயால் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது இவ்வளவும். அதற்குக் கீழே இன்னொன்று கிடந்தது. தம்பி நிற்காமல் விழுந்தால்? விழுந்தால் எங்கே வருவான்? இங்கேதான் வருவான். அந்த எண்ணம் வந்தபோது அவருக்குக் கால் நோவு கூடக் குறைந்தது போலிருந்தது.

ஓட்டமாவடியிலிருந்து மாட்டு வியாபாரி ஒருவர் வந்து இரண்டு நாம்பன் கடாக்களைப் பிடித்துக்கொண்டு போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காசை எண்ணி கதிர்காமத்தம்பியின் கையில் வைத்தார். பொதுப் பட்டி, பாதி விஜிக்கு. வியாபாரி போனதும் அந்தப் பாதியைப் பிரித்து எடுத்துக்கொண்டு, கன்றுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த தம்பியிடம் போனார்.

"இந்தா. உன்ட பங்கு."

விஜி இரண்டு கையையும் பின்னால் எடுத்துக்கொண்டான். "சுலோட்டக் குடுங்க அண்ணன்."

"ஏன், உனக்குக் கை இல்லையா?"

"இண்டைக்குப் பின்னேரம் மெட்ச் இரிக்கி அண்ணன்."

காய்ச்சல் காய்கிறது என்று சின்னப் பிள்ளை சொல்கிற மாதிரிச் சொன்னான். கதிர்காமத்தம்பிக்கு விளங்கியது. விளங்காத மனிதன் என்றால் குற்றமில்லை. அவருக்கு நன்றாக விளங்கியது. காசை மடியில் செருகிக்கொண்டு திரும்பியிருக்கலாம்.

"மெட்ச் விளையாடுறவனுக்கு. உனக்கென்ன?" என்றார். "பால்காரனுக்கு முன்னால மட்டும்தான் நீ நல்லவனா? என்னட்டயும் ஒரு நாளைக்கு நல்லவனா இரி பாப்பம். நான் உன்ன நம்பிறன்."

நம்புகிறேன் என்ற சொல்லை அவர் வாழ்க்கையில் ஆருக்கும் சொன்னதில்லை. அன்றைக்குத்தான் சொன்னார், அதுவும் பொய்யாக. விஜியின் கண் தாள்களிலேயே நின்றது. கை மெல்ல முன்னால் வந்தது. வாங்கினான். சட்டைப் பைக்குள் வைத்து, சட்டையின் மேலால் அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு தண்ணீர் வாளியை அப்படியே விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தான். வீட்டுப் பக்கம் திரும்பாமல் சந்திப் பக்கம் போனான்.

கதிர்காமத்தம்பி தடியில் சாய்ந்தபடி தூசி அடங்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றார். பயமும் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பயத்தோடு சேர்த்து, பசித்தவனுக்குச் சோற்று மணம் வந்த மாதிரி ஒரு சந்தோசமும் இருந்தது.

வெயில் சாய, சுலோஜனா நடந்தே வந்தாள். செருப்பு இல்லை.

"அத்தான், இவர் இஞ்ச இரிக்காரா? போன் எடுக்கிறாரில்ல."

"இல்ல."

"நாம்பன் வித்த காசு?"

"அவன்ட பங்க அவனட்டக் குடுத்தன். குடுக்காம?"

அவள் ஏசவில்லை. முற்றத்து மண்ணில் அப்படியே குந்திவிட்டாள். "கார்த்திகையிலிருந்து அத்தான்," என்றாள். "ஒவ்வொரு நாளா எண்ணி எண்ணி வந்தம்."

சீதேவிப்பிள்ளை உள்ளேயிருந்து வந்து புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். சுலோஜனா இல்ஹாமுக்குப் போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, அவனும் எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள். "நானாவும் எடுக்கிறாரில்ல," என்றாள், குரல் உடைந்து.

அதைக் கேட்டதும் கதிர்காமத்தம்பிக்கு உச்சியில் விளக்குப் பற்றியது. ரெண்டு பேரும் எடுக்கவில்லை. ரெண்டு பேரும் சேர்ந்து இருந்து விளையாடுகிறார்கள். இதைத்தானே இவ்வளவு காலமும் மணந்து பிடித்துக்கொண்டிருந்தார். சூதாடினவன் சூதாடினவனைக் கூட்டிக்கொண்டு போவது எதற்கு, ஓதுவதற்கா? அவர் அப்போதே ஓட்டோ ஒன்றைப் பிடித்தார்.

"எங்க போறீங்க?" என்றாள் சீதேவிப்பிள்ளை.

"என்ட தம்பியக் கூட்டி வர."

வலையிறவுப் பாலத்தில் ஓட்டோ ஏறியபோது வாவிக்கு மேலால் வந்த காற்று முகத்தில் அடித்தது. போகிற வழியெல்லாம் அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். முதலில் இல்ஹாமுக்கு நாலு சொல். மறுகா தம்பி காலில் விழுவான். ஒரு அடி, ஒரே ஒரு அடிதான். கடன் இருந்தால் எந்த நாகை விலைபோகும் என்றுகூட யோசித்துவிட்டார். சின்னக் கொம்பி விலைபோகும்.

ஏறாவூரில் இல்ஹாமின் வீடு ஒரு ஒழுங்கையின் கடைசியில் இருந்தது. வாசலில் விஜியின் மோட்டார் சைக்கிள் நின்றது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். இல்ஹாமின் மனைவி, பேர் சித்தி நபீஸா.

"ஆரு?"

"விஜிட அண்ணன்."

"வாங்க வாங்க. உங்கட கத கதைக்காம இந்த ஊட்டில ஒரு நாள் போறதில்ல. வேலி ஓரத்தால பின்னுக்குப் போங்க, அங்கதான் ஈக்காங்க."

பின்பக்கம் தகரம் போட்ட கொட்டில். உள்ளே சுவரோரம் சுவரோரமாகத் தயிர்ச் சட்டிகள். நடுவில் சாக்கு விரித்து விஜி இருந்தான். சட்டியின் வாய்க்குக் கடதாசி வைத்து, நூலால் சுற்றி, முடிச்சுப் போட்டு, அந்தப் பக்கம் வைத்துக்கொண்டிருந்தான். எதிரில் இல்ஹாம் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தான். போன்கள் ஒரு சட்டிக்குள் கிடந்தன. பக்கத்தில் நாம்பன் வித்த காசு. கதிர்காமத்தம்பி கொடுத்ததில் பாதிதான் இருந்தது.

"ரெண்டு பேரும் நல்லாத்தான் இரிக்கிறயள்," என்றார். பாடமாக்கி வந்ததெல்லாம் அந்தச் சட்டிகளைக் கண்டதும் கலைந்துவிட்டது. "போன் எடுத்தா என்ன?"

"ஆட்டம் முடியுமட்டும் போன் எடுக்கிறதில்ல அண்ணன். அது எங்கட சட்டம்," என்றான் இல்ஹாம். "இரிங்க. பாதி போயிட்டு. சந்தியில ஆரோ ஒரு பொடியன்ட போனில பந்தயம் வச்சிரிக்கான். மிச்சத்தத் தூக்கிக்கொண்டு இஞ்ச ஓடி வந்திட்டான். முந்தி எண்டா முழுக்கப் போயிரிக்கும்." கடைசி வார்த்தையைப் பெருமையாகச் சொன்னான், ஏதோ விஜி பரிசு வாங்கி வந்த மாதிரி.

விஜி நிமிரவில்லை. அவன் கை நூலைச் சுற்றிக்கொண்டே இருந்தது.

"எழும்பு. வா வீட்ட," என்றார் கதிர்காமத்தம்பி. "போனது போகட்டும். எவ்வளவு எண்டாலும் நான் கட்டுறன்."

"அண்ணன், கோவிக்காதீங்க, ஒண்டு கேக்கிறன்," என்றான் இல்ஹாம். "இவ்வளவு காசு இவன்ட கைக்கு எப்பிடி வந்தது? நான் கேட்டன். தான் அழுது மண்டாடி உங்களட்டப் பறிச்சிக்கொண்டு வந்ததா செல்றான்."

கதிர்காமத்தம்பி தம்பியைப் பார்த்தார்.

"ஓம்," என்றான் விஜி, சட்டியைப் பார்த்தபடி. "நான்தான் கேட்டு வாங்கின. அண்ணன் வேணாம் வேணாம் எண்டு சொன்னவர்."

பக்கத்து வீட்டு டிவியில் ஆட்டத்துக்குக் கைதட்டுகிற சத்தம் வந்தது. அந்தப் பொய்யைக் கதிர்காமத்தம்பி அப்படியே வைத்திருக்கலாம். அவருக்கு ஒரு நட்டமும் இல்லை. தம்பி அவரை இந்த வேற்று மனிதனுக்கு முன்னால் நல்லவராக்கி வைத்திருந்தான். கீழே விழுந்து கிடக்கிற நேரத்திலும் அண்ணனின் மானத்தைத்தான் முதலில் பார்த்திருக்கிறான். இவ்வளவு காலம் அவர் இந்தத் தம்பியிடம் தேடியதே அதைத்தான். அது கிடைத்திருந்தது, ஆனால் கையில் வைத்திருக்க முடியாதபடி சுட்டது.

"பொய்," என்றார். "கைய ரெண்டையும் பின்னால மறைச்சவன். நான்தான் திணிச்சன். இண்டைக்கு மெட்ச் எண்டும் சொன்னவன். தெரிஞ்சிதான் குடுத்தன்."

இல்ஹாம் நூலைக் கீழே வைத்தான். "ஏன் அண்ணன்?"

"நீ நல்லாக்கினது எனக்குப் பிடிக்கல்ல." அவருக்கு வளைத்துப் பேசத் தெரியாது. "என்ட தம்பிய நீ நல்லாக்கினது எனக்குப் பிடிக்கல்ல. விழுந்தா என்னட்ட வருவான் எண்டு நினைச்சன். விழுந்தும் உன்னட்டத்தான் வந்திரிக்கான்."

தேத்தண்ணியோடு வந்த சித்தி நபீஸா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"உங்களட்ட வரேலா அண்ணன்," என்றான் விஜி.

"ஏன் ஏலா? நான் என்ன, உன்னக் கொல்லவா போறன்?"

"வந்தா நீங்க செத்துப்போவீங்க."

கதிர்காமத்தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. விஜி முதல் தடவையாக முகத்தை நிமிர்த்தினான். நிமிர்த்தியவன் அவருடைய கண்ணைப் பார்க்கவில்லை, நெற்றிக்கு மேலே பார்த்தான்.

"கற்பூரம் அணைச்சி ரெண்டு மாசம் போகல்ல, விளையாடிட்டன். ஆருக்கும் தெரியாது. மறுகாலும் விளையாடினன். ஐப்பசியில நீங்க வரம்பில விழுந்தீங்க. தூக்க வந்தவன் நான்தானே. எலும்பு வெளியில தெரிஞ்சிது. உங்கட தலையில கைய வச்சிச் சொன்னது எனக்கு அப்பதான் முழுக்க விளங்கின. நான் சொல்லாம இரிந்தா அம்மன் மறந்திரும் எண்டு இரிந்தன். உங்களட்டச் சொன்னா, ஞாபகப்படுத்தின மாதிரித்தானே. மறுகா உங்கட முகத்தப் பாக்கவே பயம். சிரிச்சாலும் பயம்."

"அது வழுக்கினது," என்றார் கதிர்காமத்தம்பி. "ரெண்டு நாளா மழை. அவள் தடிய எடுத்துக்கொண்டு போங்க எண்டு சொன்னவள், நான் கேக்கல்ல. சேத்தில வழுக்கினது. அம்மனுக்கு ஊரில வேற வேல இல்லையா?"

சொல்லிவிட்டார். ஆனால் கை தானாகவே தலைக்குப் போனது. அம்மனுக்கு வேறு வேலை இருக்கும் என்று நினைத்தா அவர் கற்பூரம் கொளுத்தினார்? தம்பியைச் சுற்றி வேலி போடுவதாக நினைத்துத் தனக்கும் அவனுக்கும் நடுவில் அல்லவா போட்டிருக்கிறார்.

"என்னட்டச் செல்லினா ஆரும் மௌத்தாகிறதில்ல," என்றான் இல்ஹாம். "இவ்வளவுதான் அண்ணன் விஷயம். நான் இவனுக்கு ஒண்டும் செய்யல்ல. சும்மா இரிக்காத, சட்டியக் கட்டு எண்டன்."

"அந்தச் சத்தியத்த நான் எடுத்திட்டன்," என்றார் கதிர்காமத்தம்பி தம்பியிடம். "இப்பவே எடுத்திட்டன்."

விஜி தலையாட்டினான், இல்லை என்று. "உங்களுக்கு எடுக்கேலா அண்ணன். அம்மன்ட கதவுக்கு முன்னால வச்சது."

அது சரிதான். அதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

"அப்ப வைகாசியில கதவு துறக்கட்டும். ரெண்டு பேரும் போவம். பிழை என்ட எண்டு நான் கப்புகனார்ட்டச் சொல்லி, பிழைபொறுக்கக் கேட்டு எடுப்பம்."

"அது வரைக்கும்?"

கதிர்காமத்தம்பி நூல் உருண்டையைப் பார்த்தார், சட்டிகளைப் பார்த்தார். இல்ஹாமைப் பார்க்காமலே சொன்னார்.

"அது வரைக்கும் இவரிட்டச் சொல்லு."

இல்ஹாம் ஒரு சாக்கை இழுத்துப் போட்டான். கதிர்காமத்தம்பி காலை நீட்டி மெல்ல இருந்தார். இனி விஜி இன்றைக்கு நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டும், அதுதான் இங்கே முறை என்றான் இல்ஹாம்: எந்த இடத்தில் மனம் திரும்பியது, எந்த இடத்தில் காலை எடுத்தான், எல்லாம். விஜி தொடங்கினான். "காச வாங்கி..." என்றான். அண்ணனின் தலையை ஒரு தரம் பார்த்தான். நிறுத்தினான். மறுபடி தொடங்கினான். அதே இடத்தில் நின்றது. நெற்றி வேர்த்துவிட்டது அவனுக்கு.

இருக்க வேண்டும் என்றுதான் கதிர்காமத்தம்பிக்கு ஆசை. ஒவ்வொரு சொல்லையும் கேட்க வேண்டும். அவருடைய தம்பி, அவர் கொடுத்த காசு, அவர் செய்த வேலை. கேட்க அவரை விட ஆருக்கு உரிமை? தடியை எடுத்தார். ஊன்றி எழும்பினார்.

"நான் வெளிய நிக்கிறன்," என்றார். "ஆறுதலாக் கதை. ஓட்டோவ அனுப்பிட்டன், உன்ட சைக்கிளிலதான் போகணும்."

வேலி ஓரத்தில் ஒரு வெறும் பெட்டி கிடந்தது. அதில் இருந்துகொண்டு சுலோஜனாவுக்குப் போன் அடித்து, "கிடைச்சிட்டான். இஞ்ச நானாட வீட்டில சட்டி கட்டுறான்," என்றார். அந்தப் பக்கம் அவள் அழுகிற சத்தம் கேட்டது. அவர் போனை வைத்தார்.

கொட்டிலுக்குள் விஜியின் குரல் தொடங்கியது. இந்த முறை நிற்கவில்லை. சொல் விளங்கவில்லை, குரல் மட்டும்தான் வந்தது. கதிர்காமத்தம்பி முதலில் காதைக் கொடுத்துப் பார்த்தார். தகரத்தோடு காதை ஒட்டினால் கேட்கும் என்றுகூடத் தோன்றியது. ஒட்டவில்லை. குரல் நீளமாகப் போனது, ஓரிடத்தில் அழுதது, பிறகு மறுபடியும் போனது. இவ்வளவு கதை அவனிடம் இருந்தது என்று அவருக்குத் தெரியாது. ஐந்து வயதில் ஒரு கொக்கைக் கண்டால் அன்று முழுக்க அந்தக் கொக்கைப் பற்றியே கதைப்பான் அவன். அப்போதெல்லாம் கேட்க அவர் மட்டும்தான் இருந்தார்.

சித்தி நபீஸா தேத்தண்ணியைக் கொண்டுவந்து நீட்டினாள். "ஏன் வெளிய இரிக்கிறீங்க? உள்ள போங்களன்."

"வேணாம்," என்றார். "கதைக்கட்டும்."

உள்ளே இல்ஹாம் ஏதோ சொன்னான். அதற்கு விஜி சிரித்தான், அழுத மூக்கோடு, சின்னதாக ஒரு சிரிப்பு. கதிர்காமத்தம்பிக்கு வயிறு பற்றி எரிந்தது. அன்றைக்குப் பட்டியில் அவன் சிரிப்பைக் கேட்டபோது எரிந்த அதே எரிவுதான், கொஞ்சமும் குறையவில்லை. அவர் எழும்பவில்லை. தேத்தண்ணியை வாயில் வைத்தார். சீனி அள்ளிப் போட்டிருந்தார்கள். குறை சொல்லாமல் குடித்தார்.